கல் மேல் நின்ற வண்டி

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பரீட்சைக்குப் போனது வண்டி. தூக்கம் கெட்டது எங்களுக்கு.

வண்டி என்றால் டாக்ஸி. என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஓட்டினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிவந்து, கரமனையில் ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில் வாடகை வீடு பார்த்துக் குடிவைத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. ஸ்டாண்டில் மற்றவர்கள் வைத்திருந்தது எல்லாம் பெரிய வண்டிகள். கோயிலுக்கு வரும் குடும்பம் பாட்டி, பேரன், பாத்திரம் பண்டம் சகிதம் ஏறிவிடலாம். எங்களுடையது சின்ன வண்டி. யாரோ ஒரு டாக்டர் வருஷக்கணக்காக ஓட்டி, அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்டாண்டில் அதற்குப் பேபி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் இவர் போய் நின்றதும், ‘எந்தா அண்ணாச்சி, பேபி பால் குடிச்சோ?’ என்று கேட்பார்களாம். இவர் அதை என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வண்டி ஓட வேண்டும் என்பது எங்களுக்குச் சோற்றுக் கவலை மட்டும் இல்லை. எங்கள் மகளுக்கு இழுப்பு. இரண்டு வயதில் வந்தது, விடவில்லை. மழை கூடினால் போதும், தோள்பட்டை ஏறி ஏறி இறங்கும், கழுத்துக் குழி உள்ளே போகும், உதடு கறுக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஓர் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்பாள். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டோவெல்லாம் அன்றைக்கு எங்கள் சந்துப் பக்கம் வராது. போன் இருக்கும் வீடும் பக்கத்தில் இல்லை. ஆனால் வாசலில் வண்டி நின்றது. அந்தத் தைரியத்தில்தான் நான் ராத்திரி கண்ணை மூடினேன்.

இழுப்பு வந்தால் இவர் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கிள்ளிப்பாலம் வழியாக ஒரே விடுதல். காற்று முகத்தில் அடிக்க அடிக்க அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வரும். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது சில தடவை, ‘இவளுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா’ என்று கேட்டிருக்கிறார்கள். அதில் இவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. ஊசி இரண்டாம் பட்சம், வண்டிதான் மருந்து என்று. ‘நம்ம வண்டியில ஏறினாப் போரும், அவளுக்குச் செரியாயிடும். நீ பேசாம இரி’ என்பார். எனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. பாதிதான்.

வாடகைக்கு ஓடுகிற வண்டியை வருஷத்துக்கு ஒரு முறை டெஸ்டுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பார்க்கிறவருக்கு அரசாங்கத்தில் என்ன பதவியோ, ஓட்டுகிறவர்கள் வாயில் அவர் ப்ரேக் இன்ஸ்பெக்டர்தான். எங்களுக்குச் சித்திரையில் வரும். அதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே வீட்டில் சாவு வீட்டு அமைதி. இவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடப்பார். மழை ஊராயிற்றே, தரைத் தகடு துருப்பிடித்து உதிரும். அதற்கு எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுப்போட்டு மேலே தார் பூசுவார். ஹார்ன் அழுத்தினால் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் வரும், அதை ஒரு நாள் முழுக்கக் குடைவார். நான் மண்ணெண்ணெய்த் துணியும் கையுமாகக் கதவுப் பிடிகளைத் துடைப்பேன். மகள் சீட்டில் ஏறி நின்று வைப்பர் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். அது பெரும்பாலும் ஒரு பக்கம் போய்த் திரும்பி வராது.

ஒரு தடவை நானும் கூடப் போனேன், வீட்டில் இருக்க முடியாமல். வெயிலில் ஒரு மைதானம். பெரிய வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன, நடுவில் எங்களுடையது. இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொல்லி, திடீரென்று ப்ரேக் பிடிக்கச் சொல்லி, மண்ணில் சக்கரம் இழுத்த கோட்டைக் காலால் அளந்தார். ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் ப்ரேக்கைப் பார்த்தார். பிறகு ஸ்டெப்னி, ஜாக்கி, நட்டு கழற்றுகிற ஸ்பேனர், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். கடைசியில் உள்ளே குனிந்து தரையில் ஒரு மிதி மிதித்தார். ஒட்டுப்போட்ட தகடு டம் என்று சொன்னது.

“இதென்தாடோ, வண்டியோ பாட்டயோ?” என்றார். பாட்ட என்றால் தகர டப்பா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மனுஷனைப் பார்த்தேன், பார்த்த பார்வையில் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வருஷம் பாஸாகவில்லை.

தரை முழுவதையும் மாற்ற வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். வாசல் வெறிச்சென்று கிடந்தது. அப்போது எங்களைக் காப்பாற்றியவர் பாப்பனங்கோட்டுக்காரர். மலையாளி. ஸ்டாண்டில் எங்களைத் தவிர இன்னொரு சின்ன வண்டி அவருடையதுதான். அதனாலேயே இவர்கள் இருவருக்கும் ஒட்டுதல். நாங்கள் கேட்காமலே அவர் சாயங்காலம் தன் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்திச் சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போவார். விடிந்ததும் பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்வார். அவருக்கும் சின்னச் சின்னதாக இரண்டு பெண்கள் உண்டு. ‘சேச்சி, ஒரு சாயா’ என்பதற்கு மேல் அவர் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. எங்கள் வண்டி சரியாகி வரும்வரை இப்படி நடந்தது. ஒரு நடுச்சாமத்தில் அந்த வண்டியில்தான் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டெஸ்டில் எதை வேண்டுமானாலும் ஒப்பேற்றிவிடலாம், டயரை ஒப்பேற்ற முடியாது. டயர் கிடைக்காத காலம் அது. அதிலும் சின்னச் சக்கரத்துக்கு டயர் என்றால் குதிரைக் கொம்பு. பெரிய வண்டிக்காரர்கள் டெஸ்ட் அன்றைக்கு ஒருவருக்கொருவர் நல்ல சக்கரங்களைக் கொடுத்து வாங்குவார்கள். காலையில் இவன் வண்டியில், மத்தியானம் அவன் வண்டியில். அது ஸ்டாண்டில் வழக்கம், ஒளிவு மறைவே கிடையாது. இன்ஸ்பெக்டருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. எங்கள் இரண்டு சின்ன வண்டிக்கும் அந்தச் சக்கரங்கள் சேராது. இவருக்கு அவர், அவருக்கு இவர், அவ்வளவுதான். எங்கேயோ சொல்லிவைத்து, காத்துக் கிடந்து, இவர் புது டயர் வாங்கிப் போட்ட வருஷம் சித்திரை டெஸ்டில் எங்கள் வண்டி கேள்வியே இல்லாமல் பாஸாயிற்று. இன்ஸ்பெக்டர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கொள்ளாம் என்றாராம், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இவர் வீட்டுக்கு வந்து அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. மகளைத் தூக்கி வண்டி மேல் உட்காரவைத்து ஆற்றங்கரைவரை மெல்ல ஓட்டிக் காட்டினார். ஆறு வயது அவளுக்கு. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

பாப்பனங்கோட்டுக்காரருக்கு டெஸ்ட் ஐப்பசியில். முதல் நாள் சாயங்காலம் மழைக்கு நடுவே வந்தார். இவர்கள் வழக்கம் என்னவென்றால், எங்கள் நல்ல சக்கரத்தை அவர் வண்டியிலும் அவருடைய மொட்டைச் சக்கரத்தை எங்கள் வண்டியிலும் மாட்டுவார்கள். டெஸ்ட் முடிந்ததும் திரும்ப மாற்றுவார்கள். அன்றைக்கு மழை கொட்டியது. எங்கள் சக்கரங்களை அவர் வண்டியில் மாட்டி முடித்ததும் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

“அண்ணாச்சி, இந்த மழையத்து எதுக்கு ரெண்டு பணி?” என்றார் அவர். “நாளைக்கு உச்சைக்கு முன்னே நான் இங்க எத்தும். அதுவரைக்கும் வண்டி அங்ஙனயே நிக்கட்டும்.”

“நிக்கட்டும், நிக்கட்டும். நாளைக்குக் காலையில எனக்கு ஓட்டம் ஒண்ணும் இல்ல” என்றார் இவர்.

நாலு மொட்டைச் சக்கரத்தையும் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். வண்டி நாலு வெட்டுக்கல் மேல் நின்றது. கல்லை உயரமாக அடுக்கினால் வண்டி சரியலாம், மகள் பூனைக்குட்டியைத் தேடி அடியில் புகுகிறவள் என்று இவர் ஒற்றைக் கல்லில் தாழ்த்தி இறக்கினார். அவருடைய ஜாக்கியில் மரை தேய்ந்திருந்தது, இன்ஸ்பெக்டர் கேட்பார் என்று எங்கள் ஜாக்கியையும் கொடுத்தார். ஸ்பேனரையும் கொடுத்தார். முதலுதவிப் பெட்டி இரண்டு வண்டிக்கும் சேர்த்து எப்போதும் ஒன்றுதான், அதுவும் போயிற்று. எனக்கு மனசு சரியில்லை. மகளுக்குச் சாயங்காலத்திலிருந்து லேசாக நெஞ்சில் சத்தம் இருந்தது. நான் சொன்னேன். இவர் அவள் முதுகில் காது வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் இல்ல, சளியாக்கும்” என்றார்.

காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். மழை விட்டபாடில்லை. கட்டிலிலிருந்து அம்மா என்று கூப்பிட முடியாமல் அவள் சுவரைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள், உதடு அதற்குள் கறுத்துவிட்டது. நான் கூப்பிட்ட கூப்பாட்டில் இவர் கொல்லையிலிருந்து ஓடிவந்தார். வழக்கம்போல அவளை வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார். நான் பின்னால் இறங்கினேன்.

இறங்கியவர் நின்றார். முன்னால் வண்டி கல் மேல் நிற்கிறது. முதல் நாள் சாயங்காலம் நடந்தது ஏதும் அந்த நிமிஷம்வரை அவர் நினைவிலேயே இல்லை போலிருக்கிறது. வண்டியைப் பார்த்தார், சுவரோரம் சக்கரங்களைப் பார்த்தார். பிறகு மகளை என் கையில் கொடுத்தார்.

“பிடி. ஒரு நிமிஷம். இப்பம் மாட்டிருவேன்” என்றார்.

எங்கள் வாசலிலிருந்து சந்து ஏறினால் மெயின் ரோடு. அவர் கால் நீளத்துக்கு அது ஒரு தூரமே இல்லை. ரோட்டில் பஸ் வரும், லாரி வரும், யாராவது நிறுத்துவார்கள். அதெல்லாம் எனக்கு அப்புறம் தோன்றியது இல்லை, அப்போதே தோன்றியது. சொன்னேன்.

“ஜாக்கி இல்லியே, வேண்டாம். இவளத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுங்க.”

“நீ பேசாம நில்லு. ஒரு நிமிஷம்.”

ஜாக்கி இல்லாமல் வண்டியைத் தூக்கப் போனார். பம்பரைப் பிடித்துத் தம் பிடித்தார். கை வழுக்கியது. எதிர்வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள், பக்கத்தில் ஒரு மரவேலைக்காரர், எல்லோரையும் கூப்பிட்டார். அவர்களும் நல்லவர்கள், போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்க, இவர் சேற்றில் மண்டியிட்டு ஒரு சக்கரத்தை உள்ளே தள்ளினார். ஸ்பேனர் இல்லை. நட்டை விரலால் திருகினார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. மரவேலைக்காரர் குறடு எடுத்துவரப் போனார். அங்கே நின்ற ஒருவருக்காவது, இவ்வளவு பேர் இருக்கிறோமே, பிள்ளையை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடலாமே என்று தோன்றவில்லை. டாக்ஸிக்காரன் வீட்டுப் பிள்ளை வண்டியில்தானே போகும். நான் மழையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். மகள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்த்தாள். அவளும் அதில் ஏறத்தான் காத்திருந்தாள். மூச்சு விட முடியாமல், அப்பா மாட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

இரண்டாவது சக்கரம் ஏறும்போது அவள் பிடி தளர்ந்தது. அதற்கு மேல் நான் நிற்கவில்லை. அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்தில் ஏறினேன். ஆறு வயசுப் பிள்ளை, கனம். செருப்பில்லை, புடவை காலில் சுற்றுகிறது. எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ரோட்டில் கிழக்கேகோட்டைக்குப் போகிற டவுன் பஸ் வந்தது, நடு ரோட்டில் போய் நின்றேன். கண்டக்டர் முதலில் திட்ட வாயெடுத்தவன் பிள்ளையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். டிரைவரிடம் போய் என்னவோ சொன்னான். பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை, கோட்டைக்கும் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஓர் அம்மாள் தன் துண்டால் மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அந்த முகம் தெரியாத ஜனங்களை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

பஸ் தம்பானூரைத் தாண்டியதும் என் மகள் போய்விட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, வீடு எங்கே, கொண்டுவர இவ்வளவு நேரமா என்று கேட்டாள். கரமனை என்றேன். வேறென்ன சொல்ல. என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார் என்று சொல்ல முடியுமா.

நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே அந்த ஆட்டுக்குட்டி ஹார்ன் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். நாலு மொட்டைச் சக்கரத்தையும் மாட்டி, குறட்டால் முறுக்கிய நட்டோடு அந்த மழையில் ஓட்டிவந்திருக்கிறார். இடுப்பு வரைக்கும் சேறு, கையெல்லாம் ரத்தம். உள்ளே ஓடிவந்தார். கட்டிலில் கிடத்தியிருந்தவளின் மேல் குனிந்து, “மக்ளே, வண்டி வந்தாச்சு. எழும்பு மக்ளே, வண்டி வந்தாச்சு” என்றார். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

பாப்பனங்கோட்டுக்காரர் மத்தியானத்துக்கு முன்னே வந்தார், சொன்ன சொல் தவறாமல். வண்டி பாஸாகியிருந்தது. சந்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர், விஷயம் தெரிந்ததும் வாசலில் கிடந்த வெட்டுக்கல்லில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. எனக்குக் கோபம் ஒரே ஒரு ஆள் மேல்தான். அந்த ஆளோடு ஒரே வீட்டில், ஒரே பாயில், மாசக்கணக்காகப் பேசாமல் இருந்தேன். சோறு போடுவேன், துணி துவைப்பேன். முகத்தைப் பார்க்கமாட்டேன்.

அடுத்த சித்திரை வந்தது. ஒரு வருஷ ஓட்டத்தில் எங்கள் டயரும் தேய்ந்திருந்தது. பாப்பனங்கோட்டுக்காரர் எங்கிருந்தோ புது டயர் சம்பாதித்துப் போட்டிருந்தார். டெஸ்டுக்கு முதல் நாள் அவராகவே வந்தார். வாசலில் உட்கார்ந்து தன் வண்டியின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் போய் அவர் கையைப் பிடித்தார்.

“வேண்டாம் சேட்டா.”

“அண்ணாச்சி, நாளைக்கு ஒரு நேரத்துக்கு. இத மறுக்கப்பிடாது.”

“ஒம்ம வீட்டுலயும் ரெண்டு பெண்கொச்சுங்க இருக்கு. ஒரு நேரம்கூட வண்டி சக்கரம் இல்லாம நிக்கப்பிடாது. மாட்டும். மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவும்.”

அவர் அழுதார். இவர் அழவில்லை. தானே உட்கார்ந்து அந்த நட்டைத் திரும்ப முறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் தேய்ந்த டயரோடு மைதானத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் ஒரு தடவை சுற்றி வந்துவிட்டு, ஆகாது என்றாராம். இவர் ஒரு தயவும் கேட்கவில்லை. வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விலைக்குச் சொல்லி விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

சோறு போட்டேன். பிசைந்தார், சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, அதுவரை ஒரு தடவையும் பேசாத பேச்சைப் பேசினார்.

“என் கையிலதான இருந்தா. தூக்கி வச்சிருந்தேன்லா?”

இல்லை, அன்றைக்கு நீங்கள் ஓடியிருந்தாலும் அவள் பிழைத்திருக்கமாட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்னொருத்தி சொல்லியிருப்பாள். எனக்கு வாயில் வரவில்லை. அத்தனை மாசத்துக்கு அப்புறம் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமா, வச்சிருந்தீங்க” என்றேன்.